கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தால்: எதற்குப் பயப்பட வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

வீட்டில் ஒருவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை, தனியாகப் பேசுகிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார், கையில் இருந்த பணமெல்லாம் தனியார் மருத்துவமனையில் கரைந்துவிட்டது என்ற கட்டத்தில் தெரிந்தவர் யாராவது குரலைத் தாழ்த்தி "கீழ்ப்பாக்கத்துல காட்டிப் பாருங்களேன்" என்பார், அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையை மனதில் வைத்து. உடனே வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். அங்கே போனால் திரும்பி வரமாட்டான், மொட்டை அடித்துவிடுவார்கள், கரண்ட் வைப்பார்கள், கட்டிப்போட்டு அடிப்பார்கள், வெளியே தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் என்ன ஆவது. நம் சினிமா காமெடி வேறு ஐம்பது வருடமாக அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறது.

இந்தப் பயங்களை "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு பயத்துக்கும் பின்னால் நிஜமாக நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது. அதே சமயம் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் எதிராக இன்று சட்டத்தில் ஒரு பிரிவும் இருக்கிறது, அது நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால் பயத்தையே வரிசையாக எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். மருந்து, நோய் பற்றியெல்லாம் டாக்டர் சொல்வார், அது என் வேலை இல்லை.

முதலில், கீழ்ப்பாக்கம்தானா என்று பாருங்கள்

சென்னை அரசு மனநல மருத்துவமனை 1,800 படுக்கைகள் கொண்ட பெரிய இடம். ஆனால் எல்லோரும் அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒருவரை ராத்திரி பஸ்ஸில் இழுத்துக்கொண்டு சென்னைக்கு வருவதற்கு முன் இதை விசாரியுங்கள். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், பக்கத்தில் எங்கே காட்டலாம் என்று கேட்கலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் சென்னை சினேகா 044-24640050.

இன்னொன்று, கீழ்ப்பாக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புறநோயாளிகள். காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். "கூட்டிப்போவது" என்றால் "சேர்ப்பது" என்று அர்த்தமில்லை. இதைப் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

இதற்கு ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். 1893-94-ல் ஆங்கிலேய அரசு கஞ்சா பற்றி விசாரிக்க ஒரு ஆணையம் போட்டது. கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்பதற்கு அப்போது இருந்த பெரிய ஆதாரமே மனநோய் விடுதிகளின் பதிவேடுகள்தான், சென்னை விடுதி உட்பட. ஆணையம் 1892-ல் சேர்க்கப்பட்டவர்களின் தாள்களை ஒவ்வொன்றாகத் தோண்டியபோது, 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியது பல இடங்களில் டாக்டரே இல்லை என்று தெரிந்தது. ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ் ஏதாவது எழுதிக்கொடுக்கும், விடுதியில் அதை அப்படியே காப்பி அடிப்பார்கள். காரணம் தெரியாவிட்டால் கஞ்சா. இந்தியா முழுக்கக் கஞ்சாவால் வந்தது என்று எழுதப்பட்டிருந்த 222 பேரில் பாதிப் பேருக்குக்கூட அது தேறவில்லை.

நூற்று முப்பது வருடம் ஆகியும் நாம் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் செய்வது அதே வேலைதான். "லவ் ஃபெயிலியர் சார்", "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க", "எப்பப் பாத்தாலும் செல்லு சார், அதான்". காரணத்தைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். எப்போதிலிருந்து தூக்கம் போனது, எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன பேசினார் (அவர் சொன்ன வார்த்தையிலேயே), கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார், யாரையாவது அடித்தாரா, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாரா, குடி உண்டா, முன்பு இப்படி வந்திருக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு இருந்தால் அதையும். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்விடுங்கள், கூட்டத்தில் அங்கே உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். பழைய சீட்டுகள், பாதி தின்ற மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதன் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆதார், ரேஷன் அட்டை ஜெராக்ஸ் இரண்டு மூன்று. கூடப் போகிறவர் அவரோடு தினமும் இருப்பவராக இருக்க வேண்டும். வீட்டில் பேச்சுத் திறமை உள்ளவர் என்பதற்காக, ஆறு மாதமாக ஆளையே பார்க்காத மாமாவை அனுப்பி வைப்பது வீண் வேலை.

தற்கொலைக்கு முயன்றவர் என்றால் அதை மறைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "கால் தவறி விழுந்துட்டார்", "மாத்திரையைத் தெரியாம மாத்திப் போட்டுட்டார்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் முதலில் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மறைத்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம் தெரியாமல் போகும், அவ்வளவுதான் நடக்கும்.

வர மறுக்கிறார் என்றால்? கோயிலுக்குப் போகிறோம், பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டி வருவது நம் ஊர்ப் பழக்கம். ஒரு தடவை வேலை செய்யும். அடுத்த பத்து வருடத்துக்கு நீங்கள் மாத்திரை நீட்டும்போதெல்லாம் அந்தப் பொய் குறுக்கே நிற்கும். "தூக்கம் வரலைன்னு சொல்றியே, அதுக்காவது ஒரு டாக்டரைப் பாக்கலாம்" என்று, அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துப் பேசிப் பாருங்கள். ஆளுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்ற நிலை வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மாதிரி அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும், வீட்டிலேயேகூட, 72 மணி நேரம் வரைக்குமான அவசர சிகிச்சை தர சட்டம் (பிரிவு 94) இடம் கொடுக்கிறது.

"போனால் திரும்பி வரமாட்டான்"

இந்தப் பயம்தான் எல்லாவற்றிலும் பழையது, நியாயமானதும்கூட.

1794-ல் வாலன்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புரசைவாக்கம் பக்கம் 20 பேருக்கு இடமுள்ள ஒரு விடுதியைத் தொடங்கினார். கட்டடம் அவர் கையில், வாடகை கொடுப்பது கம்பெனி. அதாவது ஆரம்பத்திலேயே அது ஒரு டாக்டருக்கு நல்ல வரும்படி. கைமாறி 1807 வாக்கில் ஜேம்ஸ் டால்ட்டன் என்பவரிடம் வந்தது, அவர் 54 பேருக்கு இடம் செய்து திரும்பக் கட்டினார், அந்த இடத்துக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1858-ல் மனநோய் விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1871 மே மாதம் 145 பேரைக் கீழ்ப்பாக்கத்தில் லோக்காக் தோட்டம் என்ற 66.5 ஏக்கர் இடத்துக்கு மாற்றினார்கள். ஊருக்கு வெளியே, சுற்றிலும் மதில். தெருவில் சுற்றுகிறவர்களை அப்புறப்படுத்தி வைப்பதுதான் முதல் நோக்கம், வைத்தியம் பிறகுதான்.

1912-ல் இந்திய மனநோயாளர் சட்டம் வந்தபோது கதவு இன்னும் இறுகியது. உள்ளே அனுப்புவது மாஜிஸ்திரேட் உத்தரவு, வெளியே விடுவது பார்வையாளர் குழுவின் கையில். உள்ளே இருப்பவர் "எனக்குச் சரியாகிவிட்டது, போகிறேன்" என்று சொன்னால் அதுவும் நோயின் அறிகுறி. 1922-ல் பெயரை அரசு மனநல மருத்துவமனை என்று மாற்றினார்கள், பலகைதான் மாறியது. 1946-ல் போர் குழுவுக்காக (யுத்தம் இல்லை, சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு) ராஞ்சி மருத்துவமனையின் கர்னல் டெய்லர் நாட்டில் இருந்த மனநோய் மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு எழுதியதன் சாரம்: இவற்றில் பெரும்பாலானவை காலாவதியானவை, குணமாக்க இல்லை, அடைத்து வைக்கக் கட்டியவை. அப்போது நாடு முழுவதற்கும் இருந்தது 10,181 படுக்கைகள்.

இந்த இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961-லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1950-களில் குளோர்புரோமசின் மாதிரியான மருந்துகள் வந்த பிறகு, ஆட்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியும் என்ற நிலை உலகம் முழுக்க வந்துவிட்டது. அதைப் பயன்படுத்திக்கொண்டு புறநோயாளிப் பிரிவைப் பெரிதாக்கி, கைத்தொழில் பழகும் இடங்களை உண்டாக்கி, மதிலுக்கு உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பும் வேலையை அந்த அம்மாதான் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை, 1984-ல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் காலமானார். நம் பாடப் புத்தகங்களில் யார் யாருக்கோ பக்கம் ஒதுக்குகிறார்கள்.

சரி, இப்போது சேர்க்கச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்?" என்பது. 2017 சட்டத்தில் வயது வந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. நோயாளி தானே சம்மதித்துச் சேர்வது பிரிவு 86. அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்று கேட்டால் விட வேண்டும், அவர் நிலை மோசம் என்று டாக்டருக்குத் தோன்றினால் பரிசோதிப்பதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். சம்மதிக்கும் நிலையில் அவர் இல்லை என்றால் பிரிவு 89. இதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவர் நியமித்தவர், விண்ணப்பிக்க வேண்டும் (அவர் யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால் சட்டப்படி உறவினர்தான் முதலில்), இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். வெறுமனே "வீட்டில் தொந்தரவு" என்பது போதாது. தனக்கோ பிறருக்கோ கேடு, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருப்பது, இதில் ஒன்று இருக்க வேண்டும். கெடு 30 நாள். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் பிரிவு 90-ன்படி இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, இந்தச் சட்டப்படி அமைத்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். எதிர்த்து வாரியத்துக்கு முறையிட நோயாளிக்கும் உரிமை உண்டு, பிரதிநிதிக்கும் உண்டு.

அந்த 30 நாள் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குறித்து வைத்துக்கொண்டு கேட்கிற குடும்பத்தை எந்த வார்டிலும் கொஞ்சம் கவனமாகத்தான் நடத்துவார்கள்.

இதே சட்டத்தை வைத்துச் சொத்துத் தகராறிலோ கல்யாணத் தகராறிலோ ஒருவரை உள்ளே தள்ளலாம் என்று நினைப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். சாதியோ மதமோ மாறிக் காதலிப்பது, குடும்பத்தின் பேச்சைக் கேட்காதது எதுவும் மனநோய்க்கான அடையாளம் ஆகாது என்று சட்டத்தின் 3-ம் பிரிவே சொல்லிவிட்டது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் குடும்பங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மொட்டை, யூனிஃபார்ம், வேலை

பொதுவாகவே நம் நாட்டு மனநல மருத்துவமனைகளில் சிறைப் பழக்கங்கள் ரொம்ப காலம் இருந்தன. உச்ச நீதிமன்றம் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை 1997-ல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கொடுத்தது. அதையொட்டி பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸோடு சேர்ந்து 37 அரசு மருத்துவமனைகளைப் பார்த்து 1999-ல் ஒரு அறிக்கை வந்தது. சிறை அறை மாதிரிக் கொட்டடிகள், கழிப்பறைப் பற்றாக்குறை, தனிமையில் அடைத்தல் என்று சுதந்திரம் வந்து ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பல இடங்களில் டெய்லர் பார்த்ததையே அவர்களும் பார்த்தார்கள்.

2017 சட்டத்தின் பிரிவு 20-ஐப் படித்தால் அந்த அறிக்கைக்குப் பதில் எழுதியது போலவே இருக்கும். கட்டாய மொட்டை கூடாது. விரும்பினால் சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம், யூனிஃபார்ம் திணிக்கக் கூடாது. கட்டாய வேலை கூடாது, வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். நல்ல சாப்பாடு, சுத்தம், தனி மறைவு, பெண்களுக்கு மாதவிடாய்க்குத் தேவையானவை. "பேன் வருதும்மா, அதான் எடுத்துட்டோம்" என்று யாராவது சொன்னால் பேனுக்கு மருந்து இருக்கிறது என்று பதில் சொல்லலாம். நீங்களே போகும்போது ஒரு பேன் சீப்பும் மருந்தும் கொடுத்துவிட்டு வந்தால் பேச்சே வராது. துணி கொடுக்கும்போது உள்பக்கம் அழியாத மையில் பெயர் எழுதிக் கொடுங்கள், நாடா, கயிறு வைத்த உடை வேண்டாம். நகை, செல்போன் எது அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையாளர்களைப் பார்ப்பதும் மறுப்பதும், போனில் பேசுவதும் நோயாளியின் உரிமை (பிரிவு 26), எந்த நேரத்தில் எப்படி என்பது அந்தந்த மருத்துவமனையின் ஏற்பாடு.

கரண்ட்

மின்னதிர்வு சிகிச்சை 1938-ல் ரோமில் தொடங்கியது. மயக்க மருந்து இல்லாமல் கொடுத்த காலத்தில் உடம்பு துள்ளும் துள்ளலில் எலும்பு முறிந்திருக்கிறது, முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே தங்கள் முறைக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இந்த 'நேரடி' முறை 2000-த்துக்குப் பிறகும் சில இடங்களில் இருந்தது, அதற்கு எதிராக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே உங்கள் பாட்டி பயப்படுவதில் தப்பே இல்லை.

இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதைப் பிரிவு 95 தடை செய்திருக்கிறது. சிறுவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, மிக அரிதாகக் கொடுக்க வேண்டி வந்தால் காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். முறையாகக் கொடுத்தால், சாப்பிடாமல் பேசாமல் சிலை மாதிரி உறைந்துபோனவர்களையும், சாவதிலேயே குறியாக இருக்கும் கடும் மனச்சோர்வுக்காரர்களையும் மீட்டுக்கொண்டு வருவதில் அதற்கு ஈடான வைத்தியம் இன்றைக்கும் குறைவுதான். அதனால் பெயரைக் கேட்டதும் எழுந்து ஓடாதீர்கள். மயக்க மருத்துவர் இருப்பாரா, எத்தனை தடவை கொடுப்பார்கள், ஏன் மருந்து மட்டும் போதாது, ஞாபக மறதி எவ்வளவு நாள் இருக்கும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் நாளன்று வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள், பாசத்தில் ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிடாதீர்கள், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

கட்டிப்போடுவது

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். அது அரசு மருத்துவமனையில் நடக்கவில்லை, ஆனால் அதை அரசு மருத்துவமனைகளின் கதையிலிருந்து பிரிக்கவும் முடியாது. மதிலுக்குப் பயந்தவர்களும், ஊருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர்கூட இல்லாதவர்களும்தான் அங்கே ஆளைக் கொண்டுபோய் விட்டார்கள். அதே மாதத்தில் அங்கிருந்த காப்பகங்களை மூடி நூற்றுக்கணக்கானவர்களை அரசு பொறுப்பில் எடுத்தது, பலர் வந்து சேர்ந்த இடம் கீழ்ப்பாக்கம். பின்னாளில் தர்காவுக்குப் பக்கத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க ஏற்பாடு வந்தது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நம்பிக்கையோடு சண்டை போட்டு ஒரு நோயாளியையும் மாத்திரை சாப்பிட வைக்க முடியாது.

சங்கிலி இன்று எந்த வடிவத்திலும் குற்றம். வேறு வழியே இல்லாத ஆபத்தில் மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவைப்படும் குறைந்த நேரத்துக்கு உடலைக் கட்டுப்படுத்தலாம், அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும், பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தண்டனையாகச் செய்யக் கூடாது (பிரிவு 97). மணிக்கட்டில், கணுக்காலில் தழும்பு கண்டால் யாரிடமும் சண்டைக்குப் போகாமல் "பதிவேட்டில் எழுதியிருக்கிறீர்களா, பார்க்கலாமா" என்று கேளுங்கள். வீட்டில் நீங்களே கட்டி வைத்திருந்தாலும் இது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸில் சொன்னால் பிரிவு 101-ன்படி ஸ்டேஷன் அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

தெருவில் சுற்றுகிறவர் யாரையாவது பார்த்தால் என்ன செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் சொல்லலாம். பிரிவு 100-ன்படி போலீஸ் அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் அவர்களுடையது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இதற்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. சென்னையில் பெண்களுக்கு 1993-லிருந்து பான்யன் அமைப்பு இருக்கிறது.

மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள்

இது கொஞ்சம் கசப்பானது. திரும்பி வராமல் போனவர்களில் ஒரு பெரிய பங்கை மருத்துவமனை பிடித்து வைக்கவில்லை. குடும்பம் வரவில்லை. சேர்க்கும்போது தப்பு முகவரி கொடுப்பது, போன் நம்பரை மாற்றுவது, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவது எல்லா மாநில மனநல மருத்துவமனைகளுக்கும் பழகிப்போன விஷயம். குணமாகி, சமையலறையிலோ தோட்டத்திலோ வேலை செய்துகொண்டு, கூப்பிட யாரும் இல்லாமல் உள்ளேயே முடிந்தவர்கள் உண்டு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று பிரிவு 19 சொல்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் குணமானவர்களுக்கு வெளியே இடம் பண்ணச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மறுவாழ்வு இல்லங்கள் வருகின்றன, வேகம்தான் போதவில்லை.

உங்கள் பங்குக்கு, இரண்டு போன் நம்பர் கொடுங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ உறவினருடையதாகவோ இருக்கட்டும். வாரம் ஒரு தடவையாவது யாராவது போய்வர முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டுமே ஓடினால், பெரும்பாலும் அம்மா, மூன்றாம் மாதம் அவரும் படுத்துவிடுவார்.

குறை இருந்தால்

முதலில் வார்டு டாக்டர், அப்புறம் நிலைய மருத்துவ அதிகாரி, அப்புறம் இயக்குநர், எழுத்தில், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. பிரிவு 28 புகார் செய்யும் உரிமையைத் தருகிறது. பதில் திருப்தி இல்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம். இலவச வக்கீல் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. வார்டு ஊழியர்களை வீடியோ எடுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீடியோவில் விழும் மற்ற நோயாளிகள் யாரும் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. அதோடு அங்கே வேலை செய்கிறவர்களில் நல்லவர்கள் நிறைய. ஒரு ஆள் பல பேரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எல்லாத் தப்புக்கும் அந்த ஒரு ஆளே காரணமாக இருக்க முடியாது.

வீட்டுக்குக் கூட்டி வரும் நாள்

டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர், மருந்து, அளவு, அடுத்து வர வேண்டிய தேதி நான்கும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள், கிறுக்கலாக இருந்தால் திரும்ப எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு (பிரிவு 25). ஒவ்வொரு மாதமும் சென்னைக்கு வர முடியாது என்றால் அன்றே சொல்லி, உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள், ஸ்டாக் இல்லை என்று சொன்னால் அலைய நேரம் வேண்டும். நன்றாக இருக்கிறார் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், திரும்பச் சேர்க்க வருபவர்களில் நிறையப் பேரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆள் தெளிந்து நன்றாக இருக்கும்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். அடுத்த தடவை உடம்புக்கு வந்தால் எனக்கு எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று அவரே எழுதி வைக்கப் பிரிவு 5-ம் 14-ம் வழி செய்கின்றன. முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர். பிரதிநிதியைக் குறிப்பிட வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். வைத்தியம் பற்றிய அறிவுறுத்தலை மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும், நடைமுறையை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள், உங்கள் பெயரை அவர் எழுதாமல் விட்டாலும்.